ஏரோப்ளேன் திடல்: குளுவாங் தோட்டம் ஒன்றில் ஒரு விசாரணை

விஷயம் ஓர் அறிவிப்புப் பலகையில் தொடங்கியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம், அனுமதி கேட்காமல் நாலைந்து தடவை உள்ளே போய் வந்திருக்கிறோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னால், மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் போனால் மரமே இல்லாத நீளமான வெட்டவெளி ஒன்று வரும். தோட்டத்தில் எல்லாருக்கும் அது 'ஏரோப்ளேன் திடல்'. ஜப்பான்காரன் காலத்தில் போர் விமானங்கள் இறங்கிய இடம் என்பார்கள். திருவிழா வருவதற்குள் அங்கே ஒரு பலகை நட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் முடிவு செய்து, வாசகம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள்.

"ரெண்டு வரி போதும் அண்ணே. ஜப்பானிய விமானத் தளம், 1942. அவ்வளவுதான்."

நான் நில அளவை அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவன். ரெண்டு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை. ஆனால் ஓர் எண்ணை எழுதினால் அதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஊறிப்போன பழக்கம். அந்த 1942 தொண்டையில் முள் மாதிரி நின்றது. சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மாதம் நீண்டது.

நம்புவதற்கு இடம் இருந்தது

கதையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஜொகூரின் இந்தப் பகுதியில் போர்க்கால விமானத் தளங்கள் இருந்தது உண்மை. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைத் தூரத்திலிருந்தே காப்பாற்ற வேண்டும் என்று பிரிட்டிஷ் விமானப்படை 1930களின் பிற்பகுதியில் மலாயா முழுக்கத் தளங்களைப் போட்டுக்கொண்டே போனது. கோத்தா பாரு, கோங் கெடாக், அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, குவாந்தான் என்று பட்டியல் நீளும். ஜொகூருக்குள் குளுவாங், காஹாங், பத்து பஹாட். தளம் போட்டார்களே தவிர விமானம் வரவில்லை. 336 முன்னணி விமானங்கள் வேண்டும் என்று லண்டன் கணக்குப் போட்டிருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கியபோது கையில் இருந்தவை 158. ஆக, விமானம் இல்லாத திடல்களைக் காவல் காக்கிற வேலை தரைப்படையின் தலையில் விழுந்தது. எங்கே தளம் போடுவது என்று முடிவு செய்தபோது தரைப்படையைக் கேட்கவே இல்லை என்பது அந்தப் போரின் பழைய புகார்.

ஜப்பானியர் தெற்கே வர வர, பிரிட்டிஷார் விட்டுப்போன தளங்களையும் அங்கே கிடந்த பெட்ரோலையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1942 ஜனவரி கடைசியில் குளுவாங் விழுந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பிடிக்கக் குதித்த ஜப்பானிய பாராசூட் வீரர்கள் குளுவாங்கிலிருந்தும் காஹாங்கிலிருந்தும்தான் கிளம்பினார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அந்த இரண்டு நாளில் உலகம் கவனித்த ஒரு தாக்குதல் நம் ரப்பர் காடுகளுக்கு நடுவிலிருந்து புறப்பட்டிருக்கிறது. அதனால் இந்த வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் "ப்ளேன் வந்துச்சு" என்றால் நான் சிரிக்க மாட்டேன்.

பழைய தளங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. முக்கியமானவை எதுவும் தொலைந்து போகவில்லை. தங்களுக்கு அடியிலேயே புதைந்து கிடக்கின்றன. கோத்தா பாருவின் போர்க்காலத் தளம்தான் இன்றைய பெங்காலான் செப்பா விமான நிலையம். போர்க் கைதிகளை வைத்து ஜப்பானியர் வெட்டிய திடல்தான் பிற்பாடு சாங்கி விமான நிலையமாக வளர்ந்தது. சண்டாக்கானிலும் அதே கதை. பட்டர்வொர்த், குவாந்தான், கோங் கெடாக் மூன்றும் இன்று நம் விமானப்படையிடம். கோலாலம்பூரின் சுங்கை பீசி 1930களில் திறந்து, போரைப் பார்த்து, 1965இல் சுபாங் வரும்வரை நாட்டின் வாசலாக இருந்து, அப்புறம் விமானப்படைத் தளமாகி, 2018இல் அதுவும் காலியானது. சிங்கப்பூர் காலாங் 1955இல் மூடப்பட்டது. முனையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. திடல் இருந்த பக்கம் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன, சாலைப் பெயர் மட்டும் 'பழைய விமான நிலையச் சாலை'. அங்கெல்லாம் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் தோட்டத்திலும் பெயர்தான் இருந்தது. கோளாறு அங்கேதான்.

தரை சொன்னது

முதல் நாள் துணைக்கோளப் படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு நடந்தோம். படத்தில் திடல் கத்தியால் கீறியது போல நேராகத் தெரிந்தது. செம்பனைக்குள் இப்படி நேராக ஒரு கோடு தெரிந்தாலே விமானத் திடல் என்று குதிக்கக் கூடாது. மின்கம்பிப் பாதை இப்படித்தான் தெரியும், எரிவாயுக் குழாய்ப் பாதையும் அப்படித்தான். ஆனால் அவை இரண்டும் ஆறு, மேடு பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். நம்முடையது இரண்டு முனையிலும் சட்டென்று நின்றது. திடல் என்பதில் சந்தேகமில்லை. யாருடைய திடல், எந்தக் காலத்துத் திடல் என்பதுதான் கேள்வி.

டேப் பிடித்து அளந்தோம். நீளம் 640 மீட்டர். அகலம் 25 மீட்டருக்கு ஓரிரு அடி கூட. இது எனக்குப் பிடிக்கவில்லை. பிளெனிம், ஹட்சன் மாதிரி இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய தளங்கள் ஆயிரம் கஜத்துக்கு மேல் ஓடும். ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் சேர்த்து நூறு மீட்டருக்கு மேல் வெட்டவெளி வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை மரத்தில் உரசும். அதோடு, போர்த் தளம் என்பது வெறும் ஓடுபாதை இல்லை. விமானங்களைப் பரப்பி நிறுத்த வளைந்து வளைந்து போகும் பாதைகள், குண்டு வெடித்தால் சிதறல் தடுக்க லாட வடிவில் மண் கரைகள், ஓரத்தில் ஆழமான வடிகால்கள், இவையெல்லாம் கூட்டாக இருக்கும். மரம் நட்டு மறைத்தாலும் மண் கரை லேசில் கரையாது. இரண்டு பக்கமும் நாலு நிரை உள்ளே போய்த் தேடினோம். அட்டை கடித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். என்னோடு வந்த தம்பி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கியர் போடாமல் விட்டார். அது தானாக உருண்டு திடலின் கீழ்முனைக்குப் போனது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த இடம் நன்றாகவே சரிந்திருந்தது. அடுத்த வாரம் பழைய நண்பரிடம் லெவல் கருவி இரவல் வாங்கி வந்து பார்த்தேன். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 14 மீட்டர் வித்தியாசம். போர் விமானத் தளத்துக்கு இப்படி ஓர் இடத்தை எந்தப் பொறியாளரும் எடுக்க மாட்டார். காற்று மாறினால் எந்தப் பக்கமும் ஏறி இறங்க வேண்டும் அல்லவா? ஆனால் இந்தச் சரிவையே விரும்பித் தேடுகிற ஓர் ஆள் இருக்கிறார்: உரம் தூவும் விமானக்காரர். உர மூட்டையைக் கொட்டி நிறைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடினால் சீக்கிரம் கிளம்பிவிடலாம். காலியாகத் திரும்பும்போது மேட்டைப் பார்த்து இறங்கினால் சீக்கிரம் நின்றுவிடும். செம்பனை பெருகிய காலத்தில் பெரிய தோட்டங்கள் இப்படிச் சின்ன விமானத்தை வைத்து உரம் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

மேல்முனையில் ஒரு காங்கிரீட் மேடை. இடுப்பளவு உயரம், பின்னால் சாய்வாக லோரி ஏறும் மண் தளம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது 'பீரங்கி மேடை'. முன்பக்கச் சுவரில் காங்கிரீட் தோல் உரிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. குனிந்து விரலால் தடவினேன். கம்பியில் வரி வரியாக மேடு. போருக்கு முந்தைய கட்டுமானங்களில் நான் பார்த்ததெல்லாம் வழவழப்பான உருட்டுக் கம்பி. இந்த வரிக்கம்பி ரொம்பப் பிந்தியது. சுவர் ஏன் இவ்வளவு மோசமாகத் தின்னப்பட்டிருக்கிறது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. பொட்டாஷ் உரம் உப்பு இனம். சிந்திச் சிந்தி, மழையில் கரைந்து, காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரித்துவிடும். பீரங்கி நின்ற மேடைக்கு அந்த வியாதி வராது. லோரியைப் பின்னால் ஏற்றி, விமானத்தின் உரத் தொட்டியில் மூட்டையைக் கொட்டுவதற்காகக் கட்டிய மேடை அது.

இளைஞர்கள் முகம் சுருங்கியது. ஒருவர் விடவில்லை. "அப்ப கோழிக் கூண்டுல இருக்கிற தகரம்?"

லயத்தில் ஒரு வீட்டுக் கோழிக் கூண்டுக்கு ஓட்டை ஓட்டையாக இருந்த கனத்த இரும்புத் தகடு ஒன்று கதவாக இருந்தது. பார்த்ததும் எனக்கும் நெஞ்சு ஒரு துடிப்பு கூடத்தான் துடித்தது. பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஓரத்தில் ஒன்றோடொன்று மாட்டுகிற கொக்கி. கோழி கத்தக் கத்த ஓட்டைகளை எண்ணினேன்: மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்தொன்பது, மொத்தம் 87. சந்தேகமே இல்லை, ராணுவ ஓடுதளத் தகடு. சேற்று மண்ணில் இதை அடுக்கிப் பூட்டினால் சில நாளில் ஓடுதளம் தயார். ஆனால் இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு, 1941இல்தான் அங்கேயே பரிசோதித்தார்கள். பிரிட்டிஷார் மலாயாவை விட்டு ஓடியபோது இது இங்கே கிடையாது. 1945இல் திரும்பி வந்தவர்களோடு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் பிறகு. எல்லாவற்றுக்கும் மேல், முப்பது கிலோ எடையுள்ள தகட்டை இரண்டு பேர் லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "எங்க மாமனாரு பழைய இரும்புக் கடையில வாங்கினது. வேலி போட நல்லா இருக்கும்னு ஆறு வாங்கினாரு. அஞ்ச வித்துட்டாரு."

இடம் மாறக்கூடிய பொருளை வைத்து இடத்துக்கு வயது சொல்லக் கூடாது. அந்தத் தகடு எங்கேயோ ஓர் ஓடுதளத்தில் கிடந்தது உண்மை. இந்தத் திடலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கேட்கப்படாத சாட்சி

மிச்சம் இருந்த சந்தேகத்தைத் தீர்த்தவர் ஓர் அக்கா. எழுபத்தைந்து தாண்டியவர். நாங்கள் டேப்போடு அலைவதைக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன தம்பி தேடுறீங்க?" என்றார். சொன்னேன்.

"ஜப்பான்காரனா? அங்கயா? அந்த நெரையில நான் பால் வெட்டியிருக்கேனே."

பதினாலு, பதினைந்து வயதில் அம்மாவோடு பால் வெட்டப் போனாராம். திடல் இருக்கிற இடம் முழுக்க அப்போது ரப்பர். அதுவும் கிழட்டு மரங்கள். கீழே பட்டை தீர்ந்துபோய் ஏணி வைத்து மேல்வெட்டு வெட்டினார்களாம். ஏணியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியதில் தோள்பட்டை காய்த்துப் போனதைக் காட்டினார். அவர் சொன்ன வயதை வைத்துப் பார்த்தால் அது அறுபதுகளின் தொடக்கம். அப்போது மேல்வெட்டுக்கு வந்துவிட்ட மரம் போருக்கு முன்னால் நட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் கையால் நகலெடுத்து வைத்திருந்த பழைய தோட்டப் படமும் இதையே சொன்னது. அந்தக் களத்துக்கு நேராக நடவு ஆண்டு 1934 என்று இருந்தது. நடுவில் வெட்டவெளி எதுவும் குறிக்கப்படவில்லை. செம்பனைக்கு மாறிய பிறகு வந்த படத்தில்தான் திடல் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

1942இல் இங்கே விமானம் இறங்கியிருந்தால் ரப்பர் மரங்களின் தலைமேல்தான் இறங்கியிருக்க வேண்டும்.

இத்தனை வருஷமாக அந்த அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. ஜப்பான் கால விஷயம் என்றால் ஜப்பான் காலத்து ஆளைத்தான் கேட்க வேண்டும் என்று எல்லாரும் தோட்டத்து மூத்தவரான தாத்தாவிடம் போனார்கள். முதலில் நானும் அப்படித்தான் போனேன்.

தாத்தாவிடம் மறுபடியும்

தாத்தாவுக்கு வயது தொண்ணூறைத் தொடுகிறது. கதை கிளம்பியதே அவரிடமிருந்துதான். முதல் தடவை அவர் சொன்னதை நான் மற்றவர்களைப் போலவே கேட்டேன்: அவருடைய அண்ணன் ஏரோப்ளேன் திடலில் ஜப்பான்காரனுக்கு மண் சுமந்தார், குண்டு விழுந்த பள்ளத்தை மூடினார், கல் உருளை இழுத்தார். முடிந்தது. திடல் வெளியே இருக்கிறது, கதை உள்ளே இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

திடல் போர்க்காலத்தது அல்ல என்று உறுதியான பிறகு அவர் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஒரு பெரிய மனிதர் எழுபது, எண்பது வருஷமாகச் சொல்லிவந்ததை இல்லை என்று சொல்ல நான் யார்? போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டேன். என்ன சாப்பிட்டார், எப்போது கிளம்பினார், எப்படித் திரும்பி வந்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் லோரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கேயே அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் படுக்கை. கொஞ்சம் அரிசியும் கருவாடும் கொடுப்பார்கள். வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான் என்பதால் அண்ணன் தன் பங்கு அரிசியைத் துணியில் முடிந்து கொண்டுவருவார்.

"தினமுமா தாத்தா?"

"தினம் எங்க வர்றது? வாரத்துக்கு ஒரு தடவ. சில வாரம் அதுவும் இல்ல. அம்மா வாசப்படியிலயே உக்காந்திருப்பாங்க."

லயத்திலிருந்து திடலுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அங்கே வேலை செய்கிறவர் ஏன் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வர வேண்டும்? விடை முதல் நாளிலிருந்தே அவர் கதைக்குள் இருந்தது. கேட்டவர்கள் யாரும், நானும்தான், அதை எடை போட்டுப் பார்க்கவில்லை.

அப்படியானால் எந்தத் திடல்? குளுவாங்கா, காஹாங்கா? லோரிப் பயணம் இரண்டுக்கும் பொருந்தும். செம்மண் இரண்டு பக்கமும் உண்டு. நான் எதிர்பார்க்காத ஒன்றை அவரே சொன்னார். ராத்திரியில் ரயில் கூவுகிற சத்தம் கேட்டால் அண்ணனுக்கு அழுகை வருமாம், அப்படியே ஏறி எங்கேயாவது ஓடிவிடலாமா என்று தோன்றுமாம். ரயில் பாதை குளுவாங் வழியாகப் போகிறது. காஹாங் பக்கம் ரயில் கிடையாது. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். தராசு குளுவாங் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். பாராசூட்காரர்கள் கிளம்பிய நாளோடு இதை முடிச்சுப் போடவும் இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். அண்ணன் அதற்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா என்பதற்குத் தாத்தாவிடம் ஒரு பிடியும் இல்லை. விட்டுவிட்டோம்.

அண்ணனையே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. ஆகவே நம் கையில் இருப்பது ஏழு வயதுப் பையன் ஒருவன், வாரத்துக்கு ஒரு தடவை வந்த அண்ணனின் வாயிலிருந்து கேட்டது மட்டும். 'ஏரோப்ளேன் திடல்' என்ற சொல்லும் அதோடுதான் தோட்டத்துக்குள் வந்தது. முப்பது வருஷம் கழித்து நிர்வாகம் உரம் தூவ ஒரு திடல் வெட்டியபோது சொல் தயாராக இருந்தது. புதுத் திடலுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயரோடு சேர்ந்து கதையும் இடம் பெயர்ந்துவிட்டது. உர விமானம் நின்றுபோய், பார்த்தவர்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் ஜொகூர் பாருவுக்கும் வீடு மாறிப் போன பிறகு, திடலுக்கு மிஞ்சியது ஒரே கதைதான்.

திடலின் இன்றைய கதையைக் கேட்டால்: கீழ்ப் பாதியில் மறுநடவு நடந்துவிட்டது. இறுகிய மண்ணில் வேர் இறங்காமல் அந்த மரங்கள் மட்டும் குட்டையாக நிற்கின்றன. துணைக்கோளப் படத்திலும் அவற்றின் தலை சிறுத்துத் தெரியும். மேல் பாதியில் மாலையில் பந்து விளையாடுகிறார்கள். மேடையில் துணி காய்கிறது.

பலகைக்கு நான் எழுதித் தந்தது நாலு வரி. 1942 இல்லை. உரத் திடல் என்றும், இங்கிருந்து குளுவாங் விமானத் தளத்துக்கு மண் சுமக்கப் போனவர்கள் உண்டு என்றும் எழுதினேன். இளைஞர்களுக்கு முழுத் திருப்தி இல்லை. "உரம்னு போட்டா யாரு அண்ணே நின்னு படிப்பா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

போன மாதம் தாத்தாவைக் காரில் ஏற்றி குளுவாங்குக்குக் கூட்டிப்போனேன். பழைய தளம் இப்போது ராணுவத்தின் விமானப் பிரிவிடம் இருக்கிறது, மக்கோத்தா முகாம். வேலியில் துப்பாக்கி நீட்டிய சிப்பாய் படம் போட்ட சிவப்புத் தடைப் பலகை; இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சாலையிலேயே மெதுவாக ஓட்டினேன். ஹெலிகாப்டர் ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் எழும்பி, ஒரு நிமிஷம் அப்படியே நின்று, திரும்பிப் போனது. தாத்தா கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்தார். தோட்டத்திலிருந்து வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் தாத்தா."

அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. தோட்டத்துச் சாலையில் திரும்பும்போதுதான் சொன்னார்:

"ரொம்ப தூரம்னுல்ல நெனச்சிருந்தாங்க எங்கம்மா."